சொல்வழி கேட்காத பிள்ளைக்கு ஒரு பெரியவர் எப்படித் துணை நிற்பது

திருகோணமலை திருக்கடலூரில் போட் எஞ்சின் திருத்துகிற கராஜ் வைத்திருக்கிறேன். வள்ளத்தின் பின்னால் பூட்டுகிற 15, 25 குதிரைவலு எஞ்சின்கள்தான் முக்கால்வாசி வேலை. மீன்பிடிக்கிறவர்கள் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இடைக்கிடை ஓர் அம்மம்மா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். "தம்பி, இவனை ஒருக்காப் பாருங்கோ. பள்ளிக்கூடமும் போறானில்லை, சொல்வழியும் கேக்கிறானில்லை. உங்களிட்டயாவது நிண்டு பழகட்டும்."

இப்படி ஒரு பிள்ளை உங்கள் வாசலிலும் வந்து நிற்கலாம். தையல் கடை, பேக்கரி, சைக்கிள் கடை, வீட்டுத் தோட்டம், வாசிகசாலை, எதுவானாலும் சரி, அப்படி ஒருவரைப் பொறுப்பெடுக்க நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. உளவளத்துணை படித்திருக்கவும் வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்குப் புத்திமதி சொல்ல வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் ரோட்டிலும் ஆள் இருக்கிறது. கிழமை தவறாமல் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருக்கிற ஒரு பெரிய ஆள்தான் அவனுக்கு இல்லை. அந்த ஆளாக இருக்க முடியுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருடமாவது முடியும் என்றால் மட்டும் ஓம் சொல்லுங்கள். இரண்டு மாதம் பார்த்துவிட்டுக் கைவிடுகிறவர் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து போனவர்களின் வரிசையில் இன்னும் ஒருவராகத்தான் சேருவார்.

போனவர்கள் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலருடைய தாய்மார் குவைத்திலோ சவூதியிலோ வீட்டுவேலைக்கு நிற்கிறார்கள். தகப்பன் வேறு குடும்பம், அல்லது குடி, அல்லது ஆளே இல்லை. அதற்கு மேல் 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்குப் போனது. மண்ணெண்ணெயில் ஓடுகிற வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. அப்போது பள்ளிக்கூடத்தை விட்டுக் கரைவலை இழுக்கவும் கடைகளில் மூட்டை தூக்கவும் போன பெடியங்களில் எத்தனையோ பேர் திரும்பி வகுப்புக்குப் போகவில்லை. அதைப் பார்த்து வளர்ந்த தம்பிமார்தான் இப்போது 14, 15 வயதில் நிற்கிறார்கள். "சோம்பேறி", "காவாலி" என்று ஒரு சொல்லில் இவர்களை முடித்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு எரியும்.

சேர்த்துக்கொள்வதற்கு முன்

வீட்டுக்குப் போங்கள். பிள்ளையைப் பொறுப்பாகப் பார்க்கிறவர் யாரோ அவரிடம் நேரில் சொல்லுங்கள்: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எங்கே, வேறு யார் யார் அங்கே இருப்பார்கள். தாய் வெளிநாட்டில் என்றால் அவரோடும் ஒரு தடவை போனில் கதையுங்கள். அதன் பிறகு பிள்ளையைத் தனியாகக் கேளுங்கள், "உனக்கு விருப்பமா?" என்று. அம்மம்மா இழுத்துக்கொண்டு வந்தபடியால் மட்டும் நிற்கிற பிள்ளை மூன்றாவது கிழமை வராது.

சந்திக்கிற இடம் திறந்த இடமாக இருக்க வேண்டும். என் கராஜின் முன்பக்கம் முழுக்க ரோட்டைப் பார்த்தது. போகிற வருகிற எல்லாருக்கும் உள்ளே நடப்பது தெரியும். மூடிய அறை, இரவு நேரம், ஆளில்லாத வீடு எதுவும் வேண்டாம். உங்களுக்கு எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும் இந்த விதி பிள்ளையின் பாதுகாப்புக்கானது, அதை யாருக்காகவும் தளர்த்தாதீர்கள். பெண்பிள்ளை என்றால் பொறுப்பு ஒரு பெண்ணிடம் இருப்பதே நல்லது. எங்களிடம் வந்த ஒரு பிள்ளையை என் மனைவியின் தையல் மெசினடியில்தான் இருத்தினோம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கையில் 16 வயது வரை கல்வி கட்டாயம். 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்தவரைச் சம்பளத்துக்கு வேலைக்கு வைப்பதும் குற்றம். 18 வயது வரை ஆபத்தான வேலை கொடுக்க முடியாது. ஆகவே அவன் உங்கள் வேலைக்காரன் அல்ல. பள்ளிக்கூட நேரத்தில் அவன் கராஜில் நிற்கக் கூடாது. என்னிடம் சனிக்கிழமை காலை 9 மணி முதல் 12 மணி வரை. கிரைண்டர், வெல்டிங், பாரம் தூக்குவது, கடலில் எஞ்சின் ஓட்டிப் பார்ப்பது, இது நாலுக்கும் அவனை விடுவதில்லை.

முதல் கிழமைகள்

முதல் நாளே உட்கார வைத்து "என்ன பிரச்சினை உனக்கு?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவன் அதிபர் அறையில் கேட்டிருப்பான், மாமன்மாரிடம் கேட்டிருப்பான். பதிலாகத் தலையைக் குனிந்து நிற்கப் பழகியும் இருப்பான். கைக்கு ஒரு வேலை கொடுங்கள்.

எந்த வேலை என்பதுதான் முக்கியம். கூட்டுவது, தேத்தண்ணி வாங்கி வருவது என்று தொடங்கினால் அவனை எடுபிடியாக வைத்திருக்கிறீர்கள் என்று நினைப்பான். நினைப்பதும் சரிதான். உண்மையான வேலையாக இருக்க வேண்டும். அன்றைக்கே முடிய வேண்டும். பிழைத்தாலும் பெரிய நட்டம் வராததாக இருக்க வேண்டும். முடிந்ததும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தரம் 10இல் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டு டச்பே கடற்கரையில் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்த ஒரு பெடியனுக்கு நான் கொடுத்த வேலை காபரேட்டர் கழுவுவது. மார்கழி, தை வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது எங்கள் பக்கத்து வள்ளங்கள் கரையில் ஏறிவிடும். கிழமைக்கணக்காகச் சும்மா கிடக்கிற எஞ்சினின் காபரேட்டருக்குள் எண்ணெய் மண்ணிறப் பிசினாக இறுகிப்போகும். கயிற்றை எத்தனை தடவை இழுத்தாலும் எஞ்சின் பிடிக்காது.

அடிக் கிண்ணத்தின் ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு வெள்ளைத் துணியில் வைக்கச் சொன்னேன். மிதவை, ஊசி வால்வு, பிறகு ஜெட். அந்தப் பித்தளை ஜெட் சின்னி விரல் நகத்தை விடச் சின்னது. நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதைக் கம்பியால் குத்தக் கூடாது. ஓட்டை ஒரு மயிரிழை பெருத்தாலும் எண்ணெய் கூடுதலாக இறங்கும், எஞ்சின் புகை கக்கும். தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் நூலான தங்கூசியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். தூண்டில் போட்டு வளர்ந்த பெடியன், தங்கூசி அவன் கைக்குப் பழகினது. நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக விட்டு விட்டு எடுத்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "அடைச்சிருக்கு." திரும்பவும் பெற்றோலில் நனைத்தான், ஊதினான், பிடித்துப் பார்த்தான். "இப்ப வட்டமாத் தெரியுது, மாமா." அவ்வளவு நேரத்தில் அவன் வாயிலிருந்து வந்தது அந்த இரண்டு வசனம்தான். நானும் வேறொன்றும் கதைக்கவில்லை.

பூட்டி முடித்து, எஞ்சினைத் தண்ணீர் பீப்பாயில் இறக்கிக் கயிற்றை இழுத்தோம். பிடித்துக்கொண்டது. பக்கத்துத் துளையால் குளிர்த்தும் தண்ணீர் பீச்சிக்கொண்டு வந்தது. எஞ்சின்காரர் கிண்ணியாவிலிருந்து வந்த நானா ஒருவர். "ஆர் செஞ்ச?" என்று கேட்டார். "இந்தத் தம்பிதான் செய்தவர்" என்றேன். அவர் அவனைப் பார்த்து, மரியாதையாக, "கை நல்ல கை" என்றார்.

பிள்ளைக்கு முன்னால் பிள்ளையைப் பற்றி வெளி ஆளிடம் "செய்தவர்" என்று சொல்லிப் பாருங்கள். அவன் முதுகு நிமிர்வது கண்ணுக்குத் தெரியும். "அவன், இவன், சொன்னால் விளங்காது" என்று பதினைந்து வருடம் கேட்ட காது அது.

உங்களிடம் எஞ்சின் இல்லாவிட்டாலும் இப்படிப்பட்ட வேலை எந்தத் தொழிலிலும் இருக்கிறது. பேக்கரிக்காரர் ஒரு தட்டு பணிசை முழுதாக அவன் பொறுப்பில் விடலாம். தையல்காரர் ஒரு தலையணை உறை தைக்க விடலாம். கடைக்காரர் ஒரு இராக்கையின் இருப்பை எண்ணி எழுத வைக்கலாம்.

கதை எப்போது வரும்

வரும். எப்போது என்று உங்களுக்குத் தெரியாது. முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது இந்த வயதுப் பெடியங்கள் கதைக்க மாட்டார்கள். இருவரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அல்லது பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போதுதான் கதைப்பார்கள். வேலை முடிந்த சில சனிக்கிழமைகளில் நாங்கள் பிரெட்ரிக் கோட்டை வாசலால் ஏறிக் கோணேசர் கோயில் வரை நடந்திருக்கிறோம். ஆட்கள் போய்வருகிற பாதை, மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும், கதைக்காவிட்டாலும் சங்கடம் இல்லை. ஏறும்போது எஞ்சின் கதை, பந்துக் கதை. இறங்கும்போதுதான் அவன் வீட்டுக் கதை வந்தது.

அந்த நேரம் உங்கள் வாயைக் கட்டிக்கொள்வதுதான் பெரிய வேலை. "சரி, பிறகு?" என்பதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. "ஏன் அப்பிடிச் செய்தனி?" என்று கேட்டால் வழக்கு விசாரணை மாதிரி ஆகிவிடும். "அப்ப என்ன நடந்தது?", "அது உனக்கு எப்பிடி இருந்தது?" என்று கேளுங்கள். அவன் அழுதால் அழட்டும். ஆம்பிளைப் பிள்ளை அழலாமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

எங்கள் தலைமுறைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, அதைக் கட்டாயம் விடவேண்டும். பிள்ளை தன் கஷ்டத்தைச் சொன்னவுடன் நாங்கள் எங்களுடையதை எடுத்துவிடுவோம். "நாங்கள் செல்லடிக்குள்ள படிச்சனாங்கள்", "அகதி முகாமில விளக்கு வெளிச்சத்தில ஓஎல் எழுதினனாங்கள்", "சுனாமியில எல்லாம் போய் திரும்ப எழும்பினனாங்கள்." எல்லாம் உண்மை. 2004 டிசம்பர் 26 எங்கள் கரையில் என்ன செய்தது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெடியனுக்கு அது கேட்கிற விதம் வேறு: உன் கஷ்டம் ஒரு கஷ்டமே இல்லை, வாயை மூடு. அதோடு அவன் மூடிவிடுவான். தாய் நாலு வருடமாகப் போன் திரையில் மட்டும் தெரிகிறார் என்பது 15 வயதில் முழுக் கஷ்டம். அதன் பக்கத்தில் எங்கள் போரைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம். அவனாகக் கேட்கிற நாளில் சொல்லுங்கள், அப்போது காது கொடுத்துக் கேட்பான்.

இரகசியம் காப்பதற்கு எல்லை உண்டு

"ஒருத்தருக்கும் சொல்லாதீங்கோ" என்று ஒரு நாள் கேட்பான். அந்த நாள் வருவதற்கு முன்பே எல்லையைச் சொல்லி வைத்திருக்க வேண்டும். நான் சொல்வது இது: "நீ சொல்றது என்னோட இருக்கும். ஆனா உன்னை ஆராவது துன்புறுத்தினா, நீ உன்னையே ஏதும் செய்யப் பாத்தா, வேற ஒரு பிள்ளைக்கு ஆபத்து எண்டா, நான் பேசாமல் இருக்க மாட்டன். ஆரிட்டச் சொல்லப் போறன் எண்டு உனக்கு முதல்ல சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன்." முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு அது துரோகமாகப் படாது.

பிள்ளையை யாராவது அடிக்கிறார்கள், பாலியல் தொல்லை கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் நீங்களே விசாரித்து நியாயம் தீர்க்கப் போகாதீர்கள். 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், நாள் முழுக்க இயங்கும், தமிழிலும் கதைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார். எங்கள் ஊரென்றால் திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். "குடும்ப மானம்" என்று சொல்லி மூடிவைக்கச் சொல்கிறவர்கள் வருவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

பிள்ளை "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்கிற மாதிரிக் கதைத்தால் நேரடியாகக் கேளுங்கள்: "சாகவேணும் எண்டு யோசிக்கிறியா மகன்?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. மனநல மருத்துவர்களும் நேரே கேட்கத்தான் சொல்கிறார்கள். ஓம் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, களைமருந்து, மாத்திரைப் போத்தல் இருந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். இது சின்னக் காரியம் இல்லை. 1995க்குப் பிறகு இந்த நாட்டில் தற்கொலைகள் பெருமளவு குறைந்ததற்கு முக்கிய காரணம், கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததுதான். எட்டுகிற தூரத்தில் இல்லாவிட்டால் அந்த நேரம் கடந்துவிடும், பிள்ளை மிஞ்சும். அன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம்.

ஐஸ் என்கிற போதைப்பொருள் பற்றியும் ஒரு வார்த்தை. இரவிரவாக நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, உடம்பு திடீரென்று வற்றுகிறது, சின்ன விஷயத்துக்கும் சீறுகிறான் என்றால் சந்தேகப்படலாம். சந்தேகம் மட்டும்தான், அதை வைத்து ஊருக்குச் சொல்லிவிட வேண்டாம், இதே அடையாளங்கள் வேறு காரணத்தாலும் வரும். அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927, ஆலோசனை கேட்கலாம். அடித்து மாற்ற முடியாது. கட்டி வைத்தும் மாற்ற முடியாது.

சோதித்துப் பார்ப்பான்

கொஞ்சம் நெருங்கியதும் வராமல் விடுவான். அல்லது 11 மணிக்கு வருவான். பொய் சொல்வான். நம்பி ஏமாந்து பழகிய பிள்ளை, இந்த ஆளும் எப்போது போவார் என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறது. கோபித்துக்கொண்டு "இனி வராதே" என்றால் அவன் எதிர்பார்த்த விடையை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். வீட்டுக்கு ஓடிப்போய்க் கெஞ்சவும் வேண்டாம். வராத சனிக்கிழமை மத்தியானம் ஒரு செய்தி மட்டும் அனுப்புவேன்: "இண்டைக்கு உன்னைக் காணேல்லை. அடுத்த சனி 9 மணிக்கு இருப்பன்." குற்றச்சாட்டு இல்லை, கேள்வி இல்லை. இரண்டு கிழமை தொடர்ந்து காணாவிட்டால் அம்மம்மாவிடம் போய்ப் பிள்ளை சுகமாக இருக்கிறானா என்று மட்டும் கேட்பேன்.

காசு கேட்பான். கையில் காசு கொடுக்காதீர்கள், கடனும் கொடுக்காதீர்கள். காசு நடுவில் வந்தால் அவன் உங்கள் கண்ணைப் பார்க்கக் கூசுவான், பிறகு வரவே மாட்டான். கொப்பி, சப்பாத்து, பஸ் காசு உண்மையிலேயே தேவை என்றால் வீட்டாருக்குத் தெரியப்படுத்தி நேரே வாங்கிக் கொடுங்கள்.

இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். அவசரம் என்றால் உடனே எடுங்கள். மற்றபடி காலையில் பதில் போடுங்கள், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவன் போனை வாங்கிப் பார்க்காதீர்கள். அவனுடைய படத்தை உங்கள் பேஸ்புக்கில் போட்டு "ஒரு பிள்ளையை நல்வழிப்படுத்துகிறேன்" என்று எழுதுகிற வேலை அறவே கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து அவனைக் கிண்டல் செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் போகலாம், அவனுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடமும் வீடும்

பிள்ளையின் சம்மதத்தோடு, அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். சண்டைக்குப் போகிற தோரணை வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த இடத்தில விட்டவன், டீச்சர்?" அநேகமாக ஒரு இடம் இருக்கும். கரைக்குப் போய்விட்ட அந்தப் பெடியனுக்குக் கணக்கு, அதிலும் பின்னமும் விகிதமும். தரம் 8இல் விட்டது, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவனுக்கு இருட்டு. கரும்பலகைக்குக் கூப்பிடுவார்கள் என்ற பயத்தில்தான் அவன் முதலில் கணக்குப் பாடத்தை ஒளித்தான், பிறகு நாளையே ஒளித்தான். வீட்டில் யாருக்கும் அது தெரியாது, கூட்டாளிகள் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு ஸ்ட்ரோக் பெற்றோல் எஞ்சினுக்கு எண்ணெய் கலப்பது விகிதக் கணக்குத்தான். 50க்கு 1 என்றால் 20 லீற்றர் கானுக்கு எத்தனை மில்லிலீற்றர் ஒயில்? முதல் நாள் பார்த்துக்கொண்டே நின்றான். 50 லீற்றருக்கு ஒரு லீற்றர், அதாவது 1000 மில்லி. அப்போ ஒரு லீற்றருக்கு 20 மில்லி. அப்போ 20 லீற்றருக்கு 400 மில்லி. அளவுக் குவளையில் ஊற்றிக் காட்டினான். புது எஞ்சினைப் பழக்கும்போது 25க்கு 1 என்றேன், 800 என்று தானே சொன்னான். பிறகு அந்தக் கணக்கையே கொப்பியில் பின்னமாக எழுத வைத்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டில் ஏஎல் கணிதம் படிக்கிற அண்ணன் ஒருவரிடம் ஒப்படைத்தேன். எல்லாவற்றையும் நீங்களே சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளையைச் சுற்றி இரண்டு மூன்று நல்ல ஆட்கள் வருவது உங்கள் ஒருவரை விட நல்லது.

வெளிநாட்டிலிருக்கும் தாயோடு கதைக்கும்போது கவனம். வெள்ளிக்கிழமை லீவு நாளில் போன் எடுத்து அழுது, ஏசி, "உனக்காகத்தானே நான் இஞ்ச கிடந்து சாகிறன்" என்று முடிப்பார்கள். அந்தத் தாயின் வேதனை பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வசனம் பிள்ளையின் கழுத்தில் கல்லாகத் தொங்கும். நான் அவனைக் கேட்டு, அவன் கழுவிய காபரேட்டரின் படத்தைத் தாய்க்கு அனுப்பினேன். அடுத்த தடவை எடுக்கும்போது அதைப் பற்றி மட்டும் கேளுங்கோ தங்கச்சி, மற்றக் கதை எதுவும் வேண்டாம் என்றேன். கேட்டிருக்கிறார். ஜெட் என்றால் என்ன என்று அரை மணி நேரம் தாய்க்கு விளங்கப்படுத்தினானாம்.

முன்னால் உள்ள வழிகள்

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போக முடிந்தால் அதுவே முதல் வழி. முடியாதென்றால் கதவுகள் வேறும் உண்டு. பள்ளிக்கூடத்தை விட்டவரும் தனியார் பரீட்சார்த்தியாக ஓஎல் எழுதலாம். ஓஎல் சித்தி இல்லாவிட்டாலும், 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில், தெரிவுசெய்த பாடசாலைகளில் தொழில்சார் பாடங்களோடு தொடரலாம். வலயக் கல்விப் பணிமனையில் எந்தப் பாடசாலை என்று கேளுங்கள். கைத்தொழில்தான் விருப்பம் என்றால் நைற்றா என்று சொல்கிற தேசிய பயிலுனர், கைத்தொழில் பயிற்சி அதிகார சபை ஒரு வேலைத்தலத்தில் பயிலுனராகச் சேர்த்துவிடும். தொழிற்பயிற்சி அதிகார சபையின் வகுப்புகளும் இருக்கின்றன. எதைச் செய்தாலும் கடைசியில் என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கையில் வருகிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். கை நல்ல கையாக இருந்தும் தாள் இல்லாமல் அரைச் சம்பளத்துக்கு நிற்கிற பெடியங்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று நேரகாலத்தோடு பாருங்கள். 15 வயதானால் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கிராம உத்தியோகத்தரிடம் போகும்போது அவனோடு கூடப் போங்கள், ஆனால் அவனே கதைக்கட்டும், படிவத்தை அவனே நிரப்பட்டும். அரச அலுவலகத்தில் ஒரு கதிரையில் இருந்து தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளைக்குப் பயம் பாதியாகிவிடும்.

சிங்களமும் பழக விடுங்கள். என்னிடம் வருகிற வாடிக்கைக்காரரில் சிங்களவரும் இருக்கிறார்கள். எஞ்சினுக்கு என்ன நடந்தது என்று அவர்களிடம் கேட்டுக் கேட்டே பெடியன் கதைக்கப் பழகினான். திருகோணமலையில் மூன்று சமூகமும் ஒரே கடலில் மீன் பிடிக்கிறது, மூன்று பேரோடும் கதைக்கத் தெரிந்த மெக்கானிக்குக்கு வேலை குறையாது.

ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். மூன்றாவது ஆள் வந்தால் அங்கே கூட்டாளிக் கூட்டம்தான் இருக்கும், உங்களுக்கு இடமிருக்காது. இரண்டு பேரையும் ஒப்பிட்டும் கதைக்காதீர்கள்.

பயிலுனராகச் சேருகிற நாளில் அந்த வேலைத்தலத்துக்கு ஒரு தடவை போய்ப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். பழைய கதை எதையும் அவருக்குச் சொல்ல வேண்டாம். "வேலை விளங்கினால் விட மாட்டான், விளங்காட்டி வாய் திறந்து கேக்க மாட்டான், அதை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ" என்று நான் சொல்லிவிட்டு வந்தேன். முதல் மாதம் கிழமைக்கு ஒரு தடவை போன் எடுத்துச் சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று கேளுங்கள். அதற்குப் பிறகு அவன் எடுக்கட்டும். எடுக்காவிட்டால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நீங்கள் ஒரு தடவை எடுத்தால் போதும்.